நான்காம் படமும் ஏழாம் படமும்

மருத்துவ வரலாற்றையே மாற்றிய நூறு கட்டுரைகளைத் தொகுத்து அச்சிடும் வேலை தரமணி அலுவலகத்துக்கு வந்திருந்தது. படங்களைச் சரிபார்ப்பவள் செண்பகவல்லி. ஒரு கட்டுரையில் நான்காம் படத்தையே தலைகீழாகத் திருப்பி ஏழாம் படமாகப் போட்டிருந்தார்கள். வழக்கம்போல் சிவப்பில் குறித்து அனுப்பினாள். கட்டுரை சொன்ன மருந்துக்கு அதில் பெயர் இல்லை, வெறும் எண்தான்.

ஒரு சிகிச்சைக்கு அடிப்படையான மூலக்கட்டுரை பொய்த்தால் அந்தச் சிகிச்சையும் அன்றே நிற்க வேண்டும் என்பது சட்டம். மூன்று வாரம் கழித்து, மகள் இதழினியின் நுரையீரல் ஊசிகளை எடுத்துப்போக நர்ஸ் வீட்டுக்கு வந்தார்.

“ஆறு வருஷமா இதாலதானே மூச்சு விடுறா? கண்ணெதிர நிக்கிறாளே சிஸ்டர்!”

“கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்கம்மா. ஒரே படத்தைத் திருப்பி ரெண்டு தடவை போட்டிருந்தாங்களாம்.”

செண்பகவல்லி ஊசிப் பெட்டியின் மேல் கை வைத்தாள். “இவ நல்லா இருக்கிறதைப் புதுக் கட்டுரையா எழுதினா?”

“எழுதி அச்சுல வர நாலு வருஷமாவது ஆகும்.”

“ஊசி இல்லாம?”

நர்ஸ் பெட்டியை மூடினார். “நாப்பது நாள்.”

அவர் போனதும் இதழினி அழுதாள். “அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சவங்க நல்லாவே இருக்க மாட்டாங்கம்மா.”

“ஆமா கண்ணு,” என்றாள் செண்பகவல்லி. “இருக்க மாட்டாங்க.”