கிடாவின் சம்மதம்

தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் உடம்பைச் சிலிர்த்தால், வெட்டச் சம்மதம் என்று அர்த்தமாம். கோயில் வாசலில் கறுப்புக் கிடா பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஐந்து குடம் ஊற்றியாகிவிட்டது.

"சீக்கிரம் சிலிர்த்துத் தொலையேன்," என்றது அரிவாள். "மசாலா அரைச்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?"

கிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மசாலாவையும் அரைச்சுட்டு என்னை எதுக்குக் கேக்குறானுங்க? கறி தின்ன ஆசைன்னா, ஆசைன்னு சொல்லிட்டு வெட்டட்டும். அதை ஏன் என் தலையில கட்டுறானுங்க? செத்தாலும் சிலிர்க்க மாட்டேன்."

ஆறாவது குடமும் காலியானது. கிடா அசையவில்லை.

பூசாரி அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு அமைதியா நிக்குது பாருங்க. முழுச் சம்மதம்."

பெண்கள் குலவையிட்டார்கள்.