கட்டில் போடும் இடம்

கடை நடுவே, நாலு பேர் பார்க்க, டங்கன் மண்டியிட்டு மனைவியின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். முதுகுப் பிடிப்பால் கிர்ஸ்டிக்குக் குனிய முடியவில்லை. காலுறையையும் உருவி, அவள் பாதத்தைப் பிடித்து, காட்சிக்காகச் சூடேற்றி வைத்திருந்த மாதிரித் தரையின் மேல் வைத்தான்.

"எப்படி இருக்கு?"

"இதமா இருக்கு" என்றாள் கிர்ஸ்டி. தரையைச் சொல்லவில்லை, கணுக்காலில் இருந்த அவன் கையைச் சொன்னாள்.

"அபர்டீன்லயே ஐஸ் மாதிரி கால் இவளுக்குத்தான், ஃபிரேசர். குளிர் வந்துட்டா என் முழங்கால்லதான் சூடேத்திக்கிட்டிருந்தா."

கடைக்காரர் ஃபிரேசர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கட்டின பொண்டாட்டி காலுக்கு இவ்வளவு உபசாரமா? நீ என் வீட்டுக்காரி கண்ணுல பட்டுடாதே தம்பி. அப்புறம் என் பிழைப்பு நாறிடும்."

கிர்ஸ்டி சிரித்தாள். சிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். போன குளிர்காலம் முழுக்க இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியே படுத்திருந்தார்கள். சண்டைகூட இல்லை, அதுதான் கொடுமை.

கூரைக்கடியில் பிள்ளைகளின் பழைய தொட்டிலும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடந்த பரணை அறையாக்கலாம் என்று டங்கன் சொன்னபோது, அவள் உடனே சரி என்றுவிட்டாள். பார்த்துப் பார்த்துச் சேர்ந்து கட்டும்போதாவது இவன் மனம் திரும்பாதா என்று ஒரு நப்பாசை. சன்னல் வைத்தாயிற்று, படிக்கட்டும் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது தரை ஒன்றுதான்.

"ரெண்டு வழி இருக்கு கண்ணு. தரைக்கடியில வெந்நீர்க் குழாய் ஓட விடலாம். இல்லன்னா மின்சாரக் கம்பி விரிக்கலாம்" என்றார் ஃபிரேசர். "குழாய்னா நின்னு நிதானமா சூடு பிடிக்கும், ராத்திரி பூரா இதமா இருக்கும். ஆனா தரை மேல ஏறிடும்."

"குழாயே போடுங்க. இவளுக்கு அதுதான் ஒத்துவரும்" என்றான் டங்கன்.

"வேணாம், கம்பியே போதும்" என்றாள் கிர்ஸ்டி. "பரண்ல ஏற்கெனவே கூரை தாழ்வு. தரை ஏறிச்சுன்னா இவன் தினமும் மண்டையில இடிச்சுக்கிட்டு நிப்பான்."

"இடிச்சா என் மண்டைதானே?"

"அந்த மண்டைக்கு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போச்சு."

ஃபிரேசர் வாய்விட்டுச் சிரித்தார். டங்கனும் சிரித்தான். ஒரு கணம் அவன் பார்வை அவள் முகத்தில் நின்றது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

கம்பி என்றே முடிவானது. ஃபிரேசர் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "குடும்பத்துல கலகம் பண்றது இதுதான். யாருக்குச் சூடு வேணும், யாருக்கு வேண்டாம்?"

"இவளுக்கு அடுப்பு மாதிரி கொதிக்கணும். எனக்கு ஜனவரியிலயும் சன்னல் திறந்திருக்கணும்" என்ற டங்கன் சற்றுத் தயங்கினான். "வாராவாரம் அதுவே மாத்திக்கிற மாதிரி வைக்க முடியுமா? ஒரு வாரம் இவளுக்குப் பிடிச்ச சூடு, அடுத்த வாரம் எனக்குப் பிடிச்சது."

"தாராளமா வைக்கலாம். இத்தனை வருஷத்துல இப்படி நியாயமான புருஷனை நான் பார்த்ததில்ல கண்ணு. பத்திரமா வச்சுக்கோ."

கிர்ஸ்டி குனியாமல் காலைத் துழாவி ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

ஃபிரேசர் அறையின் வரைபடத்தை விரித்தார். "கடைசியா ஒண்ணு. கட்டில் நிக்கிற இடத்துல கம்பி போட மாட்டோம். வெப்பம் போக வழியில்லாம கம்பி கருகிடும். அதனால கட்டில் அளவு சொல்லுங்க. பெரிய இரட்டைக் கட்டில்தானே?"

கிர்ஸ்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு டங்கனைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

டங்கன் வரைபடத்தின் மேல் குனிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஒத்தைக் கட்டில்."

"அடேயப்பா!" என்று ஃபிரேசர் மேசையைத் தட்டினார். "ஒத்தைக் கட்டில்ல ரெண்டு பேரா? இவ்வளவு ஒட்டிக்கிட்டிருக்கிறவங்களுக்கு எதுக்குப்பா தரையில சூடு?"

டங்கனால் நிமிர முடியவில்லை. காதுமடல் சிவந்துபோயிற்று. இதையும் தானேதான் சொல்ல வேண்டும் என்று கிர்ஸ்டிக்குப் புரிந்தது.

"நாங்க பிரியறோம், ஃபிரேசர். பிள்ளைங்க அதே வீட்டுலதான் இருப்பாங்க, நாங்கதான் வாரம் ஒருத்தரா மாறி மாறி வந்து பரண்ல தங்கிட்டுப் போவோம்."