வீட்டு ஆட்கள்

குன்னூரில் விடாத மழை. ஈரத்துணி காயட்டுமென்று கூடத்தில் கரியடுப்பை மூட்டி, குளிருக்கு ஜன்னல்களையும் சாத்தியிருந்தாள் வசுமதி.

வாசல் கேமராவோடு இணைந்த நச்சுவாயு அலாரம் கத்தியது. "வசுமதி, வெளியே போங்க. பரணி, வெளியே போங்க. டைகர், வா." நாயும் வாசலுக்கு ஓடிவந்ததும், "எல்லாரும் வந்தாச்சு. வீடு காலி" என்றது.

"மரகதம் எங்க?" என்றான் கணவன் பரணி.

வசுமதிக்குச் சுருக்கென்றது. அலாரம் மாட்டிய அன்று அது வீட்டு ஆட்களின் பெயர்களைக் கேட்டது. நாயின் பெயரைச் சொன்னவளுக்கு, பின்னறையிலேயே தங்கி வேலை செய்யும் மரகதத்தைச் சொல்லத் தோன்றவில்லை.

பரணி மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, பின்னறையில் சுருண்டு கிடந்த மரகதத்தைத் தாங்கி வந்தான்.

"வாசல்ல வெளியாள் ஒருத்தர் நிக்கிறாங்க. யாரு இவங்க?" என்றது அலாரம்.

இருமிக்கொண்டே மரகதமே பதில் சொன்னாள்:

"வேலைக்காரிங்க."