துகளின் ஊர்

துருவத்து ஆய்வு நிலையத்தில் பனிமேகங்களைக் கவனிப்பதுதான் பூங்கோதையின் வேலை. ஒரு தூசு கிடைத்தால் போதும், காற்றிலுள்ள ஈரம் அதைப் பற்றிக்கொண்டு பனியாக உறைந்துவிடும். அதனால் கருவிக்கு அருகில் யாரும் தீக்குச்சிகூட உரசக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்.

அன்று காலை கருவியில் கரித்துகள் எகிறியது. கோபமாக வெளியே ஓடினாள். மனைவி இறந்த செய்தி வந்தும் ஊருக்குப் போக வழியில்லாத சமையல்காரர் மாரப்பன், தகர மூடியில் கற்பூரம் ஏற்றிக் குனிந்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"இன்னிக்குப் பதினாறாம் நாளும்மா. கப்பல் வர மூணு மாசமாகும். இந்தக் கற்பூரம்கூட அவ பெட்டியில வச்சு அனுப்புனதுதான்."

அப்போது மேகமே இல்லாத வானத்திலிருந்து பனி பொடிப்பொடியாக மின்னி இறங்கியது. மாரப்பன் தொப்பியைக் கழற்றினார். நரைமுடியில் அது உருகாமல் தங்கியது.

பூங்கோதை உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். 'துகள் வந்த இடம்' என்ற கட்டத்தில் கடல் என்றோ எரிமலை என்றோ எழுதுவது வழக்கம். பேனாவோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணிக்கு எந்த ஊருங்கண்ணே?"

"சங்ககிரிம்மா."

அதையே எழுதினாள்.