மணிக்கட்டில் ஒரு காத்திருப்பு

வெள்ளைத் துணித் திரைக்கு அப்பாலிருந்து அஜ்மல் பீவியின் கை மட்டும் வெளியே நீண்டிருக்கிறது. சாயங்கால வெயில் அவள் கண்ணாடி வளையல்களின் வழியே பாயில் பச்சையாய் விழுகிறது. டாக்டர் சௌரிராஜன் மணிக்கட்டில் விரல் வைத்து, பாக்கெட் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாடி நிமிஷத்துக்கு நாற்பத்திநாலுதான். நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. அடுத்தது விரலையே உந்தித் தள்ளுகிறது. "இதயத்துக்குக் குடுத்த சொட்டு மருந்த எப்படிம்மா சாப்பிடுறீங்க?" "நோன்புல்ல டாக்டரய்யா? மூணு வேளைக்கும் சேத்து விடியுறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுலயே குடிச்சிர்றேன்." கணவர் நைனா முகமதுவின் கைவிசிறி நின்றுவிடுகிறது. "விட்டு விட்டு அடிக்குதா டாக்டர்?" "அளவு மீறிருச்சு, மருந்த நிறுத்துங்க. துடிப்பு விட்டுப்போற நேரத்துல இதயத்துல ரத்தம் கூடுதலா நிறையுது. எம்புட்டு நிறையுதோ அம்புட்டு பலமா அடுத்த தடவை சுருங்குது. நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லையேம்மா, இப்பவே கொஞ்சம் தண்ணி குடிங்க." திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வருகிறது. "நோன்பு தொறக்குற பாங்குக்குக் கால் மணிதான் இருக்கு. அதுவரைக்கும் தாங்காதா?" டாக்டர் கடிகாரத்தை மூடிப் பையில் வைக்கிறார். அவர் விரல்கள் மட்டும் பாங்குக்காக அந்த மணிக்கட்டிலேயே காத்திருக்கின்றன.