லிஃப்ட் வரிசையில் ஒரு சிடுமூஞ்சி

"நான் என்ன இங்க ஆயா வேலைக்கா வந்திருக்கேன்?" என்று வரிசையில் நின்றபடியே எகிறினான் கறுப்பு ஹெல்மெட்காரன். இன்றோடு மூன்றாவது நாள்.

புர்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியில் சறுக்கும் ஸ்கீ பழக வந்த எட்டு வாண்டுகள் அவள் பொறுப்பு. முன்பக்கம் சேர்த்து, பின்பக்கம் அகட்டி, காலில் மாட்டிய கட்டைகளைப் பீட்ஸா துண்டு மாதிரி வைத்தால் நின்றுவிடலாம் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இதில் இவன் வேறு.

கம்பியில் தொங்கி மலை ஏறும் நாற்காலி லிஃப்டில் சின்னப் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. வரிசையில் நிற்கிற பெரியவர்களிடம் ஆளுக்கு ஒன்றாக ஒப்படைத்து மேலே ஏற்றுவதுதான் டிரோல் மலை முழுக்க வழக்கம். மற்றவர்கள் வாய் பேசாமல் வாங்கிக்கொள்வார்கள். இந்தச் சிடுமூஞ்சி மட்டும் ஊரைக் கூட்டுவான். முதலில் இதுகளுக்கு மூக்கைத் துடைக்கக் கற்றுக்கொடு, அப்புறம் ஸ்கீ கற்றுக்கொடுக்கலாம் என்று நேற்று எல்லார் முன்னாலும் அவளை மட்டம் தட்டியிருந்தான்.

ஏழு பிள்ளைகள் ஏறியாயிற்று. மிச்சம் ஃப்ளோரா. புர்கியின் தூக்கத்தைக் கெடுத்தவளே இந்த ஆறு வயதுக்காரிதான்.

திங்கட்கிழமை அவளை வகுப்பில் விட வந்த அவளுடைய வியன்னாக்கார அம்மா, புர்கியைத் தனியே இழுத்துப் போய்ச் சொல்லியிருந்தாள். "இவ அப்பன் இவகிட்ட நெருங்கவே கூடாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவான், குழந்தைங்கன்னா உயிர்னு உருகுவான், நம்பிடாத. இவ அவன் கையில கிடைச்சா உன் வேலை போயிடும்."

அவன் போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள் புர்கி. எல்லாவற்றையும் கொளுத்தியாயிற்று என்று பதில் வந்தது.

போட்டோ இருந்தும் என்ன பிரயோஜனம்? இந்தக் குளிரில் எல்லார் முகமும் கண்ணாடிக்கும் துணிக்கும் பின்னால்தான். யாரென்று கண்டுபிடிப்பது? புர்கி ஒரே ஒரு முடிவு எடுத்தாள். சிரிக்கிற எவனிடமும் ஃப்ளோராவைக் கொடுப்பதில்லை.

சொல்லிவைத்த மாதிரி நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் முன்னால் வந்தான். பாப்பாவைத் தான் கூட்டிப் போவதாகச் சிரித்துக் குழைந்து, ஒரு சாக்லேட்டையும் நீட்டினான். நேற்றும் இவனேதான் வந்து நின்றான். புர்கி ஃப்ளோராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம், உங்க வேலையப் பாருங்க," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, ஃப்ளோராவின் தோளைப் பிடித்துக் கறுப்பு ஹெல்மெட்காரன் பக்கம் தள்ளினாள். "நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. மேல போய் என்னைப் பத்திப் புகார் எழுதுங்க, எனக்குக் கவலையில்ல."

எழுதாமல் விடப்போவதில்லை என்று அவன் உறுமினான். "ஏய் குட்டிச்சாத்தான், உன் கட்டை என் கட்டை மேல பட்டுச்சு, நடக்கிறதே வேற."

வேறு யாராவது தொட்டால் உதைத்து, கடித்து, மலையே அதிர அழுகிற பெண் ஃப்ளோரா. இவனிடம் மட்டும் மூன்று நாளாகச் சத்தமே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

பயத்தில் ஒடுங்கிப்போகிறது பாவம் என்று புர்கிக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்திவிட்டுப் போகட்டும், அந்தச் சிரிப்புக்காரன் கையில் சிக்காமல் இருந்தால் சரி. அடுத்த நாற்காலியில் தானும் ஏறி, வழி நெடுக அந்தச் சிடுமூஞ்சியைச் சபித்துக்கொண்டே போனாள்.

மேலே இறங்கியதும் பிள்ளைகளை எண்ணினாள். ஏழுதான் இருந்தது. பதறிப்போய்த் திரும்பினால், லிஃப்ட் கொட்டகைக்குப் பக்கவாட்டில் கறுப்பு ஹெல்மெட்காரன் பனியில் மண்டியிட்டிருந்தான். ஃப்ளோராவின் பூட்ஸை இறுக்கிக்கொண்டிருந்தான்.

கன்னாபின்னாவென்று கேட்டுவிடுவது என்று புர்கி கிட்டே போனாள். அவள் வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அவன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஃப்ளோரா சொன்னாள்:

"நாளைக்கு இன்னும் நல்லாத் திட்டுப்பா, அப்பதான் டீச்சர் என்னை உன்கூட அனுப்புவாங்க."