மாமா எடுத்த புத்தகங்கள்

ஹேண்ட்பால் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய சாரங்கி, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ ஊர் நூலகத்தில் சமையல் புத்தகத் தட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

பதின்மூன்று வயதில் அவள் செய்த முதல் கள்ளத்தனம் இதுதான்.

கண் முழுக்க எதிரே இருந்த முன்பதிவுத் தட்டில். வாசகர்கள் கேட்டு வைத்த புத்தகங்கள் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டில், கேட்டவருடைய குடும்பப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள்.

சாரங்கிக்கு வரும் சீட்டில் ‘ஜெயா’ என்று இருக்கும். நம் வீடுகளில் வழக்கம்போல அப்பாவின் பெயர்தான் அவளுக்குக் குடும்பப் பெயர். ஜெயரூபன்.

இன்று அவள் காத்திருந்தது வேறொரு சீட்டின் சொந்தக்காரிக்கு. எம், ஏ, எம், ஏ. மாமா.

“உனக்கு இந்த ஊரில மாமாவும் இல்ல, மாமியும் இல்ல,” என்று, சீட்டைப் பற்றிச் சொன்னபோது அம்மா கோகிலா சிரித்ததோடு சரி. சாரங்கியோ அது ஒரு பிள்ளையின் அம்மாதான் என்று முடிவே கட்டிவிட்டாள். பிள்ளைக்காக இல்லாமல் யார் இப்படிச் சிறுவர் புத்தகங்களாக எடுப்பார்கள்?

மூன்று மாதத்துக்கு முன் முதலில் மாமாவின் சீட்டு நின்றது, குளிருக்கு உறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் முள்ளெலியின் கதையில். சாரங்கி ஆறு வயதில் தானாக வாசித்த முதல் புத்தகம் அது. அடுத்து, பாலத்தை விற்றுச் சைக்கிள் வாங்கிய பூதம். பிறகு, மேகங்களுக்கு முடி வெட்டுகிற சிறுமி. கடைசியில் தலையணை பருமனில் ‘உப்பு நாட்டு டிராகன்கள்’, முதலாம் பாகம், இரண்டாம் பாகம்.

சாரங்கி அசந்துபோனாள். வாசித்த புத்தகங்களுக்கெல்லாம் தன் அறைக்கதவின் பின்பக்கம் பட்டியல் எழுதி நட்சத்திரம் போட்டு வைக்கிறவள் அவள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட அப்பா வந்தால் உண்டு, மற்றபடி யாரும் பார்க்காத பட்டியல். இருநூறு புத்தகங்களுக்கு மேல் இருக்கும். மாமா எடுத்தவை அத்தனையும் அதில் ஐந்து நட்சத்திரம். தவறிக்கூட ஒரு மூன்று நட்சத்திரத்தை அந்த மனுஷி தொடவில்லை.

என்ன ரசனை! அந்த வீட்டுப் பிள்ளை கொடுத்து வைத்த பிள்ளை. சாப்பாட்டு மேசையில் டிராகனைப் பற்றிக் கதைக்க ஆள் இருக்கும்.

இங்கே அது இல்லை. கோடையில், மூன்றாம் பாகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஸ்கும் என்ற ஒற்றைச் சிறகு டிராகன் செத்துப்போனபோது, சாரங்கி சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து தேம்பித் தேம்பி அழுதாள். வயிற்றுக் குத்தா என்று அம்மா கேட்டாள். கதைக்குப் போய் அழுவார்களா என்று அப்பா கேட்டார்.

“உங்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது,” என்று டெனிஷில் கத்திவிட்டாள்.

அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவருடைய டெனிஷ் கத்திக்கும் கையுறைக்கும் போதுமானது. ஆனால் அந்த ஒரு வசனம் அவருக்கு நன்றாகவே விளங்கியது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிப் போனார். அன்றிலிருந்து தேவைக்கு இரண்டு சொல், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தமிழ் வரவில்லை. டெனிஷில் கேட்கவோ மனம் வரவில்லை.

இப்போது தட்டில் நின்றது அதே மூன்றாம் பாகம். மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்து, ஸ்கும்மைப் பற்றி ஒரு வார்த்தையாவது கதைக்க வேண்டும். இந்த ஊரில் வேறு யாரிடம் கதைப்பது?

நாலே கால். வாசல் கண்ணாடிக் கதவு விலகியது.

வந்தது அப்பா.

சாரங்கி தட்டுக்குப் பின்னால் இன்னும் குனிந்தாள். பயிற்சிக்குப் போகாதது தெரிந்து தேடித்தான் வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

அவர் யாரையும் தேடவில்லை. நேரே முன்பதிவுத் தட்டுக்குப் போனார். இரண்டு கைகளையும் காற்சட்டையில் துடைத்தார். பிறகு மூன்றாம் பாகத்தை எடுத்து, பின்னட்டையில் விரல் வைத்து, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு சொல்லில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

இரவல் பதியும் இயந்திரத்தில் தன் மஞ்சள் அட்டையை வைத்தார். திரையில் பெரிய எழுத்தில் பெயர் வந்தது.

ஜெயரூபன் மாமாங்கம்.

மாமாங்கம். மட்டக்களப்பில் கண்ணை மூடிய அப்பப்பா, அப்பாவின் அப்பா. அப்பப்பா என்றே சொல்லிப் பழகியவளுக்கு, அவருக்கு ஒரு பெயர் இருந்தது இன்றுதான் உறைத்தது. தன் பெயருக்குப் பின்னால் அப்பா நிற்பதுபோல, அப்பாவின் பெயருக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கொடுத்து வைத்த அந்தப் பிள்ளை யார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. சாரங்கி சமையல் புத்தகங்களுக்கு நடுவில் முகத்தைப் புதைத்து, சத்தம் வராமல் அழுதாள்.

வெளியே போனபோது அப்பா காருக்குள் இருந்தார். புத்தகம் வேலைச் சட்டைக்கு அடியில் போய்விட்டிருந்தது. கண்ணாடியில் தட்டிய மகளைக் கண்டு திடுக்கிட்டார்.

“என்ன மகள், இண்டைக்கு ஹேண்ட்பால் இல்லையா?”

அவள் ஏறியிருந்து இருக்கைப் பட்டியைப் போட்டாள். தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

“இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரக்குள்ள என்னையும் கூப்பிடுங்க, அப்பா.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை.